‘தமிழ்’ எத்தனை எழுத்து?

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? நண்பர்களே, நகைக்க வேண்டா. விரல் மடக்கி எண்ணப் பழகிய சிறு குழந்தையும் 3 என்று விடை கூறிவிடும் வினாதான் இது. இதே வினாவை, நாம் நாள்தோறும் காணும் இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியிடம் கேட்டுப் பாருங்கள். அச்சொல்லின் ‘லெங்த்’, அதாவது நீளம், 5 என்று அது தயங்காமல் சொல்லும். பி.எச்.பி. என்னும் மற்றொரு மொழியிடம் ‘ஸ்டர்லென்’ என்னும் கட்டளையால் கேட்டால் 15 என்று சொல்லும். குழந்தை சொல்வது 3. ஒரு மொழி சொல்வது 5. மற்றொரு மொழி சொல்வது 15. யார் சொல்வது சரி?

இதைக் கேட்டதும், “தமிழ் கணினிக்கு ஏற்ற மொழியன்று, அதனால்தான் இந்தக் குழப்பம்” என்று சொல்லி அப்பால் செல்வோர் உண்டு. வேற்று மொழியார் அவ்வாறு சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். நம் விடுதியில் நம்மவர் வாயாலேயே இதைப் பன்முறை கேட்டிருக்கிறேன். நிரல் எழுதக் கற்ற தமிழ் மாணவர் இதை நம்புவது எனக்கு வியப்பளிக்கிறது. சில வேளைகளில் சினமும் மூட்டுகிறது. குழப்பம் தமிழில் இல்லை. அலகு கேளாமல் அளவை ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தில் இருக்கிறது.

எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வைக்கும் தொகுப்பை நிரலாளர் ‘ஸ்டிரிங்’ என்பர். தமிழில் சரம் என்கிறோம். நல்ல பெயர். பூச்சரத்தில் எத்தனை பூ என்று கேட்டால் பூவைத்தான் எண்ணுவோம். காம்பு வேறு, இதழ் வேறு என்று பிய்த்து எண்ணமாட்டோம். ஜாவாஸ்கிரிப்ட் பிய்த்து எண்ணுகிறது. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கியிருக்கும் யூனிகோடு அட்டவணையில் ‘மி’ என்பதற்குத் தனி எண் கிடையாது. மகரத்துக்கு ஓர் எண், அதனோடு ஒட்டும் இகரக் குறிக்கு ஓர் எண். ‘ழ்’ என்பதற்கும் அப்படியே: ழகரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. ஆகவே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. பி.எச்.பி.யோ இந்த ஐந்தையும் எண்ணுவதில்லை. அவை நினைவகத்தில் எத்தனை பைட்டுகளை அடைத்துக்கொள்கின்றன என்று பார்க்கிறது. யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. ஐம்மூன்று பதினைந்து.

இப்போது சொல்லுங்கள், இவ்விடைகளுள் எது பொய்? எதுவும் பொய்யன்று. இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் குறிப்பேட்டில் ‘நீளம் 5’ என்று மட்டும் எழுதி வைத்தால் ஆசிரியர் என்ன செய்வார்? சிவப்பு மையால் சுழித்து, “ஐந்து என்ன? சென்டிமீட்டரா, மீட்டரா?” என்று கேட்பார். 1999ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளுக்குச் சென்ற அமெரிக்க விண்கலம் ஒன்று, ஒரு மென்பொருள் பவுண்டு அலகில் தந்ததை மற்றொன்று நியூட்டன் அலகாக எடுத்துக்கொண்டதால் அழிந்ததை நாம் அனைவரும் பாடத்தில் படித்திருக்கிறோம். எண் பிழையன்று, அலகே பிழை. சரத்தின் நீளமும் அத்தகையதே.

ஒரு சொல்லுக்குப் பல அளவுகள் உண்டு என்பது தமிழனுக்குப் புதிய செய்தியா என்ன? ‘தமிழ்’ எழுத்தால் 3. மாத்திரையால் இரண்டரை: த ஒன்று, மி ஒன்று, ழ் அரை. அசையால் ஒன்றே; நிரையசை. கட்டளைக் கலித்துறை பாடும் புலவனைக் கேட்டால் 2 என்பான். ஏனெனில் அங்கே ஒற்றை நீக்கித்தான் எழுத்தெண்ண வேண்டும். நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 என்னும் கணக்கு அப்படி எண்ணினால்தான் நிரம்பும். ஒரே சொல்லுக்கு நான்கு அளவைகள்! எந்த இடத்துக்கு எந்த அளவை என்று தெளிவாக வரையறுத்து வைத்த மரபில் பிறந்த நாம், பொறி 5 என்று சொன்னதும் வாயடைத்து நிற்பதற்குக் காரணம் இல்லை. “எந்த அலகில்?” என்று திருப்பிக் கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.

ஜாவாஸ்கிரிப்ட் ஏன் இப்படி எண்ணுகிறது என்பதற்குச் சிறு வரலாறு உண்டு. யூனிகோடின் முதற்பதிப்பு 1991இல் வந்தது. தமிழ் அதிலேயே இடம்பெற்றது. உலக எழுத்துகள் யாவும் 16 பிட்டு எண்ணுக்குள் அடங்கிவிடும் என்று அன்று நம்பினர். 1995இல் பிரெண்டன் ஐக் என்பார் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை ஆக்கினார். அந்நம்பிக்கை அம்மொழியின் எலும்பிலே ஏறிவிட்டது: சரம் என்பது 16 பிட்டுத் துண்டுகளின் வரிசை, நீளம் என்பது துண்டுகளின் தொகை. பின்னர் எழுத்துகள் பெருகி 16 பிட்டு போதாமற்போயிற்று. புதிதாய் வந்தவை இரண்டிரண்டு துண்டுகளாய் உட்கார்ந்தன. 2019இல் நம் பழைய பின்ன எண்களும் அப்படித்தான் யூனிகோடில் சேர்ந்தன. 320இல் ஒரு பங்காகிய முந்திரிக் குறியை ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்து நீளம் கேட்டால் 2 என்று சொல்கிறது! அவ்வளவு சிறிய பின்னத்துக்கு இவ்வளவு பெரிய நீளம்.

தமிழ் இடம்பெற்ற முறையையும் சொல்ல வேண்டும. நம் இலக்கணத்தில் மெய்யே அடிப்படை. க் என்னும் மெய்யோடு அகரம் சேர்ந்தால் க. யூனிகோடு இதைத் தலைகீழாக்கியது. அங்கே க அடிப்படை. அதன்மேல் புள்ளி வைத்தால் க். இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் ஒரே அச்சு வார்க்க முயன்ற இஸ்கி என்னும் குறியீட்டு முறையிலிருந்து வந்த வழக்கம் இது. இதைப் பெருங்கொடுமை என்று முழங்குவோரும் உளர். எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. நம் கையும் க எழுதிய பின்னர்தானே புள்ளி வைக்கிறது? ஆயினும் விளைவை அறிந்திருக்க வேண்டும்.

விளைவு என்ன? சரத்தை வெட்டும்போது அது புலப்படும். ‘பல்’ என்பதன் முதல் இரண்டு துண்டுகளை மட்டும் தருமாறு ‘ஸ்லைஸ்’ கட்டளையிட்டால் ‘பல’ வரும். வாயிலிருந்த பல் பலவாகிவிட்டது! மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இன்று ஓர் இணையப் படிவத்தை நிரப்புவதாகக் கொள்வோம். ‘பெயர்: 20 எழுத்துகளுக்குள்’ என்று படிவம் சொல்கிறது. அவர் பெயரில் எழுத்துகள் 12. இடைவெளியைச் சேர்த்தால் 13. இடம் தாராளம் என்று எழுதத் தொடங்குவார். ஆனால் படிவம் எண்ணுவது துண்டுகளை. பெயரோ 23 துண்டு. இருபதாம் துண்டில் கத்தி விழும். எஞ்சுவது ‘மீனாட்சிசுந்தரம் பிள’. பிள்ளை என்னும் பட்டம் பிளத்தல் என்னும் வினையாய் முடிந்தது! ஆங்கிலத்தில் எழுதினாலும் அவர் பெயர் இருபதுக்குள் அடங்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே அவர் தாமே எண்ணிப் பார்த்து முன்கூட்டியே சுருக்கிக்கொள்ளலாம். தமிழில், எண்ணிப் பார்த்தவரையும் படிவம் ஏமாற்றுகிறது. பைட்டுக் கணக்கில் வெட்டும் பி.எச்.பி. நிரலாயின் இன்னும் மோசம். ஓர் எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவே வெட்டு விழுந்தால், கறுப்பு வைரக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி முளைக்கும். அதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

வெட்டுவதாவது பரவாயில்லை. மறுப்பதை என்னென்பது? சென்ற ஆண்டு நம் மாணவர் ஒருவர் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை நிரப்பினார். ‘தாய்மொழியில் பெயர்’ என்று ஒரு கட்டம். மகிழ்ச்சியோடு தமிழில் எழுதினார். ‘பெயரில் செல்லாத எழுத்துகள் உள்ளன’ என்று சிவப்பு வரி வந்து நின்றது. பெற்றோர் இட்ட பெயர் செல்லாதாம்! காரணம் எளிது. ‘ரெஜெக்ஸ்’ என்னும் வடிவச் சூத்திரத்தால் நிரலாளர் பெயரைச் சோதிப்பர். அச்சூத்திரத்தில் ‘சொல்லெழுத்து’ என்று ஜாவாஸ்கிரிப்ட் வழக்கமாகக் கொள்வது 26 ஆங்கில எழுத்துகளின் இரு வடிவங்களையும், பத்து இலக்கங்களையும், அடிக்கோட்டையும் மட்டுமே. சற்று விவரம் தெரிந்த நிரலாளர், 2018இல் மொழிக்கு வந்த புதிய வசதியைக் கொண்டு ‘எம்மொழி எழுத்தாயினும் சரி’ என்று எழுதுவார். அவர் நல்லெண்ணமும் பலிக்காது! ஏனெனில் யூனிகோடு அட்டவணையில் நம் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் ‘எழுத்து’ வகையில் இல்லை. ‘குறி’ என்னும் வேறு வகையில் உள்ளன. எழுத்தையும் குறியையும் சேர்த்து அனுமதித்தால்தான் ‘தமிழ்’ உள்ளே வரும். ஒரு சிறு திருத்தம். ஒரு நிமிட வேலை. தமிழில் ஒரு பெயரைத் தட்டிச் சோதித்துப் பார்க்க யாரும் இல்லாததால் அது நடைபெறவில்லை.

இவ்விடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இஃது இந்தியோடு தமிழுக்குள்ள வழக்கன்று. ‘ஹிந்தி’ என்னும் சொல்லைத் தேவநாகரியில், நகரத்தை அரையெழுத்தாக இட்டு எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் அதற்குத் தரும் நீளம் 6. அம்மொழியார் எண்ணுவது இரண்டே. வங்காளியரும் மலையாளியரும் இதே படகில்தான் இருக்கின்றனர். இப்பல்கலைக்கழகத்தில் அவர்கள் அனைவரும் நமக்கு அடுத்த அறையில் இருக்கின்றனர் என்பது நமக்குக் கிடைத்த வாய்ப்பு.

திருப்பிப் போடுதலைப் பார்ப்போம். நிரல் கற்கும் ஒவ்வொருவருக்கும் முதல் மாதத்தில் ஒரு பயிற்சி வரும்: கொடுத்த சொல் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கப்படுகிறதா என்று கண்டறிக. நமக்கு இதற்கென்றே ‘விகடகவி’ இருக்கிறது. பாடநூலில் உள்ள வழியால், சரத்தைப் பிரித்து, திருப்பி, சேர்த்துப் பாருங்கள். தலையின்றி அலையும் ஓர் இகரக் குறியும், அதன்பின் ‘வகடகிவ’ என்பதும் வரும். இல்லை, இது விகடகவி அன்று என்று பொறி தீர்ப்பளிக்கும். திருஞானசம்பந்தர் மாலைமாற்று என்னும் பதிகமே இவ்வமைப்பில் பாடிச் சென்றார். அதை இந்நிரலிடம் கொடுத்தால் அவரையும் தோல்வியுறச் செய்துவிடும். மாலையை மாற்றும்போது பூவைத்தானே மாற்ற வேண்டும்? காம்பையும் இதழையுமா?

அகரவரிசையும் இப்படியே கெடுகிறது. கனிமொழி, கபிலன், கயல்விழி என்பது பொறியின் வரிசை. கபிலன், கயல்விழி, கனிமொழி என்பது நம் வரிசை. இந்திய எழுத்துகளுக்குப் பொதுவாய் வகுத்த அட்டவணையில் னகரம் நகரத்தின் பக்கத்தில் அமர்ந்துவிட்டது. நமக்கோ அது பதினெட்டாம் மெய். நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்ப்பவர்கள் இதை அங்கேயே காணலாம். தேடலிலும் சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதை ககரம், ஒகரக் குறி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பொறிக்கு வேறு. ‘ஔவையார்’ கதையோ தனி. ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் தட்டி எழுதுவோர் ஆயிரம் பேர். அவர்கள் எழுதிய ஔவையை, சரியாகத் தட்டித் தேடுபவர் எந்நாளும் காணமாட்டார்.

இவற்றுக்கெல்லாம் மருந்து இல்லையா? பெரும்பாலானவற்றுக்கு உண்டு, அதுவே என் ஆதங்கம். ஜாவாஸ்கிரிப்டில் ‘இன்டல் செக்மென்டர்’ என்னும் கருவி சரத்தை நாம் எண்ணும் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. தமிழ் 3, விகடகவி 5 என்று சரியாகச் சொல்கிறது. அதைக் கொண்டு திருப்பினால் விகடகவி விகடகவியாகவே வரும். குரோம் உலாவியில் 2020இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2024இலும் வந்து சேர்ந்தது. 1995இல் பிறந்த மொழி நம் எழுத்தை எண்ணக் கற்க இத்தனை ஆண்டுகள்! இன்று கற்றுவிட்டது. ‘இன்டல் கொலேட்டர்’ தமிழ் அகரவரிசையை முறையாகத் தரும். 2015இல் வந்த ‘நார்மலைஸ்’ இருவகைக் ‘கொ’வையும் ஒன்றாக்கும், ஔவையாரை மட்டும் அதனால் மீட்க முடியாது, அதற்கு நாமே தனி விதி எழுத வேண்டும். பி.எச்.பி.யில் ‘கிராஃபீம்’ என்று தொடங்கும் கட்டளைகள் எழுத்தை எழுத்தாக எண்ணும்; ‘எம்.பி.’ என்று தொடங்குபவை 5 என்னும் விடையோடு நின்றுவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர். அம்மொழியைச் சேர்ந்தோர், சரங்களை முழுவதும் யூனிகோடாக்க ஆறாம் பதிப்பில் முயன்று, 2010இல் அம்முயற்சியைக் கைவிட்டு, ஆறைத் தாண்டி 2015இல் ஏழாம் பதிப்பை வெளியிட்டனர். வேலை கடினம் என்பதற்கு அதுவும் சான்று.

“குறியீட்டு முறையையே மாற்றினால் என்ன?” என்பார் சிலர். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையை 2010இல் தமிழ்நாட்டரசு யூனிகோடோடு சேர்த்துத் தரமாக அறிவித்தது. எழுத்தெண்ண அது மிக எளிது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் குடியிருப்பது. உலகின் உலாவிகளும் தேடுபொறிகளும் அதைத் தமிழென்று அறியா. நல்ல வீடுதான்; ஆனால் அஞ்சல்காரர் அறியாத தெருவில் இருக்கிறது. அக்குறியீட்டைக் காத்திருந்து நாளைக் கழிப்பதைவிட, இருக்கும் கருவியை இன்றே பயன்படுத்துவது மேல்.

“பெயரை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டுப் போகலாமே, என்ன குறைந்துவிடும்?” என்பார் வேறு சிலர். இவர்கள்தாம் பெரும்பான்மை. ழகரமும் ளகரமும் லகரமும் அங்கே ஒன்றாகும் என்பதை விடுங்கள். பெயர் எழுதத் தமிழ் வேண்டா என்று நாம் பழகிவிட்டால், படிவம் எழுதும் நிரலாளர் தமிழைச் சோதிக்க வேண்டிய தேவையே எழாது. தேவை எழாத இடத்தில் பிழையும் தெரியாது. பிழை தெரியாதவரை, ‘தமிழ் கணினிக்கு ஆகாது’ என்னும் சொல் உண்மைபோல் நின்றுகொண்டே இருக்கும். ஊரில் தமிழ் மட்டும் எழுதத் தெரிந்த நம் தாய்மார், ஓய்வூதியப் படிவத்துக்கும் நிலப்பட்டாவுக்கும் அப்பொறியின் முன்தான் போய் நிற்கின்றனர். அவர்களுக்கு ஆங்கில எழுத்து என்னும் மாற்றுவழி இல்லை.

அப்படிவங்களை எழுதப் போகிறவர் யார்? இவ்விதழைப் படிப்பவருள் பாதிப்பேர் நாளை பெங்களூரிலோ புனேயிலோ அதைத்தான் செய்யப் போகிறோம். ஆகவே ஒரு முன்மொழிவு. நம் சங்கத்தில் நிரலறிந்த நண்பர்கள் சேர்ந்து ஒரு பக்க அளவில் சோதனைச் சொற்பட்டியல் ஒன்று ஆக்கி, துறைக் கணினிக்கூடச் சுவரில் ஒட்டுவோம். வெட்டுச் சோதனைக்கு மகாவித்துவானின் பெயர், திருப்பச் சோதனைக்கு விகடகவி, வரிசைக்குக் கபிலனும் கனிமொழியும், தேடலுக்கு இருவகைக் ‘கொ’வும் ஔவையாரும், துண்டுக் கணக்குக்கு முந்திரி. வங்க, மலையாள, இந்தி நண்பர்களிடமும் ஆளுக்கு ஐந்து சொல் கேட்போம். முதற்சோதனை நம் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலுக்கே நடக்கட்டும்.

பட்டியல் ஆக்கும்போது ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டியிருக்கும். ‘லக்ஷ்மி’ எத்தனை எழுத்து? செக்மென்டர் ல, க், ஷ், மி என்று 4 எண்ணுகிறது. 2023இல் வந்த யூனிகோடு 15.1, தேவநாகரி முதலிய சில எழுத்துகளின் கூட்டெழுத்துகளை ஒன்றாகக் கொள்ளும் விதியைச் சேர்த்தது. தமிழை அதில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் ‘பக்கம்’ என்பதன் க், க இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆதலால் சேர்க்காதது நமக்கு நன்மையே. ஆனால் க்ஷ மட்டும் கண்ணுக்கு ஒன்றாகவும் கணக்குக்கு இரண்டாகவும் நிற்கிறது. ஒன்று என்று நான் சொல்கிறேன். இரண்டு என்று என் அறைத்தோழர் சொல்கிறார். மூன்று வாரமாக முடிவு காணவில்லை. கருத்துள்ளோர் அடுத்த இதழுக்கு எழுதுக.